டம்ளருக்குள் அம்மா

டிசம்பர் 9, திங்கள்

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு கிலோ கத்தரிக்காய் துவம்சம் ஆனது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நாலாகக் கீறினால் போதும். அம்மா கீறவில்லை. பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அடுப்பிலிருந்து இறங்கியதற்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை.

காரணம், மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு குரல் செய்தி. அனுப்பியவர் பிச்சையா அண்ணாச்சி. அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், கூடவே ‘பொருநைச் சாரல்’ என்று ஓர் இணைய வானொலியும் நடத்துகிறார். வளைகுடாவில் வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர்கள்தான் நேயர்கள். அதில் தினமும் காலையில் ‘நலமறிய ஆவல்’ என்று அரைமணி நேரம் அம்மா பேசுகிறாள். பிறந்தநாள் வாழ்த்து, ஊர்ச் செய்தி, கேட்டவர்களுக்குக் கேட்ட பாட்டு. பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பிவிடுவாள். இங்கேயே சமாதானபுரத்தில் இருக்கிற ஆபரேட்டர் அதை வாங்கி, நடுநடுவே பாட்டு சேர்த்து, வானத்தில் விடுவார்.

அண்ணாச்சி சொன்னது இது:

“கோமதி, ஒண்ணும் நெனச்சுக்கிடாதம்மா. நீ பேசுதது கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்குன்னு ஆளாளுக்குச் சொல்லுதாவ. இங்க ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் குரல் ஒண்ணு தாரான். பேரு தேன்மொழி. கண்ணாடி கணக்கா இருக்கு. ஒண்ணாந்தேதியில இருந்து அதப் போட்டுரலாம்னு பாக்கேன். ஆனா ஒன்னையச் சும்மா அனுப்ப மனசு வரல. கிறிஸ்மஸ் வாரத்துல ஒரு நாள் நீ, ஒரு நாள் அது. ஞாயித்துக்கெழம நேயர்களே ஓட்டுப் போடட்டும்.”

“சரிங்க அண்ணாச்சி” என்று அம்மா பதில் அனுப்பினாள். அண்ணாச்சியிடம் பேச அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

அப்பாவின் பெயர் ஆவுடையப்பன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினோடு போட்டி போட்டுப் பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே சத்தம். “போனா போவட்டும் கோமதி! அதென்ன கலெக்டர் உத்தியோகமா? காலைல தோசையாவது சூடா வரும்!” என்றார். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அம்மா ரேஷன் கடையில் ஆவுடையப்பன் சம்சாரம். என் பள்ளியில் இசக்கி அம்மா. தெருவில் மாடி வீட்டக்கா. உலகத்திலேயே ஓர் இடத்தில் மட்டும்தான் “வணக்கம், நான் உங்கள் கோமதி”. இதை நான் உருக்கமாக எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

இசக்கி என்றால் நான்தான். பிளஸ் ஒன். சுருக்கினால் இசை. வீட்டில் யாரும் சுருக்குவதில்லை, இம்சை என்றே கூப்பிடுகிறார்கள்.

டிசம்பர் 10, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு, ஆங்கிலம். கட்டுரைத் தலைப்பு: என் பொழுதுபோக்கு. உண்மையை எழுதினால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதால் தபால்தலை சேகரிப்பதாக எழுதிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

அம்மாவின் நிகழ்ச்சியை நான் இதுவரை முழுதாகக் கேட்டதில்லை. நாள் முழுக்கச் சும்மா கிடைக்கிற குரலை டேட்டா போட்டு எதற்குக் கேட்க வேண்டும்? இன்று கேட்டேன்.

முதலில் பாட்டு ஓடியது. நன்றாகவே இருந்தது. தபலாவில் விரல் எது, உள்ளங்கை எது என்று பிரித்துச் சொல்லலாம். பாட்டு முடிந்து அம்மா வந்தாள். வந்தாள் என்று சொல்ல முடியாது, எதற்குள்ளிருந்தோ எட்டிப் பார்த்தாள். ‘வணக்கம்’ ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் வாலைத் தானே கடித்தது. ச, ஸ, ஷ மூன்றும் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போயிருந்தன. அம்மா ஒரு வாழ்த்துக்கு நடுவில் சிரித்தாள். அது வானொலியில் இருமல் மாதிரி கேட்டது. வானொலியா இது? வாளியொலி!

வாளி என்று சொன்னதும் ஆராய்ச்சி தொடங்கியது. கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்து, “வணக்கம், நான் உங்கள் கோமதி” என்று பேசி நஸ்ரினுக்கு அனுப்பினேன். நஸ்ரின் என் வகுப்புத் தோழி, மேலப்பாளையம். அவள் மதிப்பெண் போட்டாள்.

பிளாஸ்டிக் வாளி: “பத்துக்கு அஞ்சு. ஒங்கம்மா இவ்வளவு அகலம் இல்லட்டி.”

இட்லிக் கொப்பரை: “யாரோ செத்துப்போய் வந்து பேசுத மாதிரி இருக்கு. பயமா இருக்கு, வேற பாத்திரம் எடு.”

சில்வர் டம்ளர்: “ஏட்டி! ஒங்கம்மாவேதான்! பத்துக்குப் பத்து!”

ஆக, நோய் டம்ளர். ஆனால் அம்மா டம்ளருக்குள் உட்கார்ந்து பேசுவதில்லையே. அம்மாவின் கைகூட எங்கள் வீட்டு டம்ளருக்குள் போகாது, கழுவ என்னைத்தான் கூப்பிடுவாள்.

கூப்பிட்டும் விட்டாள். “ஏ மூதி, கழுவுன பாத்திரத்தையெல்லாம் எச்சியாக்கி வச்சிருக்கியே! எந்திச்சு வந்து மறுபடி தேய்!”

டிசம்பர் 14, சனி

நஸ்ரினின் வாப்பா சவூதியில், தமாமில் வேன் ஓட்டுகிறார். பொருநைச் சாரலின் தினசரி நேயர். இன்று அவள் கேட்டுச் சொன்னாள்.

“வாப்பாட்ட கேட்டேன். பாட்டுக் கேக்கதுக்கு ஒரு குறையும் இல்லியாம். அந்த மெஷின் பொம்பள ஒரு நாள் வெள்ளோட்டமா ரெண்டு வாழ்த்துச் சொல்லிச்சாம், அதுவும் தெளிவாம். கோமதியக்கா பேசும்போது மட்டும்தான் குழாய்க்குள்ள பூந்துக்கிடுதாம். இருந்தாலும் அக்கா பேசுததத்தான் வாப்பா கேப்பாவளாம்.”

“ஏன்?”

“அக்காதான் ‘வண்டி ஓட்டுதவிய, தண்ணி குடிங்க’ன்னு சொல்லுதாவளாம். கேட்ட ஒடனே குடிப்பாவளாம்.”

வாப்பா தண்ணீர் குடிக்கட்டும். எனக்குக் கிடைத்த துப்பு வேறு. பாட்டு தெளிவு, மெஷின் தெளிவு, அம்மா மட்டும் கலங்கல். குழாய் நன்றாக இருக்கிறது, ஊற்றுகிற இடத்தில்தான் ஏதோ கோளாறு.

டிசம்பர் 15, ஞாயிறு

அம்மா தூங்குகிற மதியத்தில் அவள் போனை எடுத்து, அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்டேன். கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கிறது. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் குரல் செய்தியில் குரலை மடித்து, இடுக்குகளில் இருக்கிற மெல்லிய சத்தங்களை எடுத்துவிடுவார்களாம். இஸ்திரி போடாத சட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் சட்டைதான். கிணறு இல்லை, குழாய் இல்லை, டம்ளர் இல்லை.

ஆக, இந்த போனுக்கும் அந்த வானத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஓர் ஆள். ஆபரேட்டர் சுடலைமணி. அண்ணாச்சியின் மச்சினன்.

டிசம்பர் 18, புதன்

சுடலைமணியின் ஸ்டுடியோ ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நேற்றுப் பள்ளி விட்டு வரும்போது ஏறிப் பார்த்தேன். கதவில் ‘ஒலிப்பதிவு நடைபெறுகிறது, அந்நியர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று எழுதியிருந்தது. உள்ளே கேரம் போர்டு சத்தம்.

அந்நியர் போக முடியாத இடத்துக்கு அதிகாரி போகலாம். ஆகவே இன்று நஸ்ரினின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அளவெடுத்து வெட்டிப் பேசினேன்.

“வணக்கம். நான். தேன்மொழி. பேசுகிறேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம். “யாரு... கம்ப்யூட்டர் தேன்மொழியா?”

“ஆம். சனிக்கிழமை. உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தை. ஆய்வு செய்ய. என் உதவியாளர்கள். இருவர் வருவார்கள்.”

“சரிங்க மேடம். வரட்டும் மேடம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேடம், வாரவிய டீ காபி குடிப்பாவளா, இல்ல அவியளும் கம்ப்யூட்டரா?”

நஸ்ரின் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அசரவில்லை. “பாதாம் பால். குடிப்பார்கள்.”

டிசம்பர் 21, சனி

நஸ்ரின் தன் அக்காவின் அடையாள அட்டைக் கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அட்டையைச் சட்டைப் பைக்குள் சொருகிவிட்டாள். நான் அப்பாவின் பழைய கண்ணாடி. எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு சுடலைமணிகள் எழுந்து நின்று வரவேற்றார்கள். நாலு பாதாம் பால் வந்தது.

“எப்படி வேலை செய்றீங்கன்னு காட்டுங்க” என்றாள் நஸ்ரின்.

அவர் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்த நிமிஷம் சிரிக்காமல் நின்றதற்கு எனக்கு மாநில விருது தர வேண்டும்.

மேஜையில் அண்ணாச்சி வாங்கிக்கொடுத்த லேப்டாப். அதற்கு முன்னால் ஒரு சேலைப் பெட்டி. பெட்டிமேல் ஒரு சில்வர் டம்ளர். டம்ளருக்குள் சுடலைமணியின் போன். போனில் அம்மாவின் குரல் செய்தியை ஓடவிட்டு, டம்ளரிலிருந்து எழும்பி வருவதை லேப்டாப் மைக்கில் மறுபடி பதிவு செய்கிறார். மேலே ஃபேன் வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

“சும்மா வச்சா சவுண்டு பத்தாது. டம்ளர்ல போட்டாத்தான் கணீர்னு வரும்” என்றார் பெருமையாக. “லோட்டாவிலயும் போட்டுப் பாத்தேன். லோட்டா சரிப்படல.”

“போன்ல இருந்து நேரா லேப்டாப்புக்கு மாத்தலாமே?”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். “மேடத்துட்ட சொல்லிராதிய. இது மச்சான் லேப்டாப். எம்போன இதுல சேத்தா என் வாட்ஸப்பெல்லாம் அங்கன மஸ்கட்டுல தெரியுமாம்லா? நான் மச்சானப் பத்தி எங்க சித்தப்பா மவன்ட்ட ரெண்டு வருசமாப் பேசிக்கிட்டு இருக்கேன். ஒண்ணுகூட நல்லதாப் பேசல.”

தேன்மொழியின் குரல் எப்படி வருகிறது என்று கேட்டேன். அது கம்பெனியிலிருந்து நேராக லேப்டாப்பில் வந்து இறங்கிவிடுமாம். டம்ளர் வேலையே இல்லையாம். மெஷின் பல்லக்கில் வருகிறது, அம்மா டம்ளரில் வருகிறாள்!

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அண்ணாச்சிக்கு இப்போதே சொல்லிவிடலாம் என்றேன். அம்மா கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சிட்டச் சொல்லக்கூடாது.”

“ஏம்மா?”

“சொன்னா அந்தப் பயல அன்னைக்கே நிறுத்திருவாவ. அவன் பொண்டாட்டி மாசமா இருக்காட்டி. நான் பேசுததுக்கு இன்னொருத்தன் பொழப்பு போவணுமா? வாயத் தொறந்த, அவ்வளவுதான்.”

“அப்ப ஒங்குரலு?”

“கேக்கவிய எப்படியும் கேப்பாவ.”

கேட்க மாட்டார்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போடுவார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 23, திங்கள்

தேர்வு முடிந்தது, போட்டி தொடங்கியது. முதல் நாள் அம்மா. டம்ளர் வழியாக. நேயர்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தர்: “அக்கா தண்ணிக்குள்ள நீச்சலடிச்சிக்கிட்டே பேசுதாவளா?” அதற்குப் பதினாறு சிரிப்புப் பொம்மை.

டிசம்பர் 24, செவ்வாய்

தேன்மொழி. தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். அடுத்து, வீரவநல்லூரில் ஒரு பெரியவர் காலமான செய்தியைச் சொன்னாள். இரண்டுக்கும் ஒரே குதூகலம். “அன்னார் இயற்கை எய்தினார்!” என்று கேட்டபோது கை தட்டலாமா என்றிருந்தது. ஆனால் குழுவில் எல்லோரும் “சூப்பர் கிளியர்”.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே முழுதும் கேட்டாள். “நல்லாத்தான பேசுது” என்றாள். தேய்த்த குக்கரையே திரும்பவும் தேய்த்தாள்.

எனக்கு ஒரு யோசனை. நல்ல யோசனையா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 25, புதன்

இன்று அம்மா முறை, மறுபடி டம்ளர். சாயங்காலம் தேன்மொழி (நான்) சுடலைமணிக்கு போன் செய்தாள்.

“உங்கள். டம்ளர் தொழில்நுட்பம். பற்றி அறிந்தேன். பாராட்டுகள். நாளை. என் குரலும். உங்கள் போனில் ஏறி. டம்ளர் வழியாகவே. செல்ல வேண்டும்.”

“மேடம்! நெசமாவா மேடம்?” இரண்டு வருஷத்தில் அவரை யாரும் பாராட்டியதே இல்லை போல.

“வெள்ளிக்கிழமை. கோமதியின் குரல். பென்டிரைவில் வரும். அதை நேராகப் போடவும். டம்ளருக்கு. அன்று ஓய்வு.”

“சரிங்க மேடம். பாவம், அதுக்கும் ஓய்வு வேணும்லா.”

பென்டிரைவுக்கு வாட்ஸப் தெரியாது. அவருடைய ரகசியம் பத்திரம், அண்ணாச்சிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மாவின் பேச்சையும் நான் மீறவில்லை. அம்மா போனில் ஒலிப்பதிவுச் செயலி ஒன்றை இறக்கி, தரத்தை இருப்பதிலேயே உச்சத்தில் வைத்து, “வெள்ளிக்கிழமைக்கு இதுல பேசும்மா, செவப்புப் பொத்தான அமுக்கு” என்றேன். “ஏன்?” என்றாள். “இதுல பேசினா இம்சை கொறையும்.” அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டிசம்பர் 26, வியாழன்

தேன்மொழி டம்ளருக்குள் விழுந்தாள். ஆகா! தேன்மொழி தேய்மொழி ஆனாள். ச, ஸ, ஷ காலி. நானும் நஸ்ரினும் போனிலேயே கைகொடுத்துக்கொண்டோம்.

ஆனால் குழுவில் நாங்கள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. டம்ளர் சத்தம் கேட்டதும் எல்லோரும் அது அம்மா என்றே நினைத்துவிட்டார்கள்.

“கோமதியக்காவுக்கு என்னாச்சு? இன்னைக்கு ஏன் ஒரு மாதிரி பேசுதாவ?”

“அக்கா ஒரு தடவகூடச் சிரிக்கல.”

“வீட்டுல எதும் பிரச்சினையா? யாராவது போன் போட்டுக் கேளுங்கப்பா.”

நஸ்ரினின் வாப்பா: “தண்ணி குடிக்கச் சொல்லல. கண்டிப்பா ஒடம்புக்கு முடியல.”

அம்மாவுக்கு அவள் எண்ணிலேயே பதினோரு பேர் நலம் விசாரித்து எழுதியிருந்தார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். “நான் சிரிக்கதெல்லாம் இவியளுக்குக் கேட்டிருக்குட்டி” என்றாள். “அந்த டம்ளருக்குள்ள இருந்துமா கேட்டிருக்கு?”

நான் தலையாட்டினேன். சொல்ல ஒரு நல்ல சிலேடைகூட வரவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

அம்மா காலையில் பேசி முடித்ததும், அதைப் பென்டிரைவில் ஏற்றி, சைக்கிளில் பறந்து, அப்பாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுடலைமணியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் நுழையவும் நிகழ்ச்சி தொடங்கவும் சரியாக இருந்தது. அப்பா முற்றத்துக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா சமையலறையில்.

“வணக்கம், நான் உங்கள் கோமதி.”

அம்மாவின் குரல். சமையலறையிலும் அம்மா, போனிலும் அதே அம்மா. பேசத் தொடங்கும் முன் அவள் இழுக்கிற சின்ன மூச்சுகூடக் கேட்டது. பக்கம் திருப்புகிற சத்தம், வளையல் மேஜையில் படுகிற சத்தம், எல்லாம். நான் நாற்காலியில் ஏறி நின்று ஆடலாம் என்று இருந்தேன்.

அப்போது, அம்மா ஒரு வாழ்த்துப் படிக்கிறாள், அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு குரல்:

“ஏ பால்காரத் தம்பி, மணி அடிக்காதப்பா... உள்ள அக்கா பேசுதா... சவம் அந்த வண்டிய ஆஃப் பண்ணு, உருட்டிக்கிட்டு வா... மெதுவா, மெதுவா...”

முற்றத்தில் பிளேடு நின்றது.

வானொலியில் அதே குரல், இப்போது நாயிடம்: “ச்சூ, கொரைக்காத. பிஸ்கட் தாரேன். இந்தா. கொரைக்காம தின்னு.”

எங்கள் அப்பா. கிசுகிசுவென்று! அவருக்கு அந்த ஸ்தாயியில் பேசத் தெரியும் என்பதே எங்களுக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாளும் குரல் செய்தி மடித்தது பாதி, டம்ளர் விழுங்கியது மீதி.

அம்மா கரண்டியோடு முற்றத்துக்கு வந்தாள். “காலைல வாக்கிங் போறேன்னுல்லா சொல்லுவிய?”

“போவேன். போறதுக்கு முன்னால... அங்கன கொஞ்சம் நிப்பேன்.”

“டெய்லியா?”

“நாயி டெய்லி கொரைக்கில்லா?”

முகம் முழுக்க நுரை இருந்ததால் அப்பா என்ன நிறத்தில் இருந்தார் என்று பதிவு செய்ய முடியவில்லை. அம்மா உள்ளே போய், சூடாக ஒரு தோசை வார்த்துக்கொண்டு வந்து, சவரம் முடிவதற்குள்ளேயே அவர் கையில் கொடுத்தாள்.

குழுவில் இரண்டு கட்சி. “இது யாரு புது அக்கா? எங்க கோமதியக்காவ என்ன செஞ்சிய?” என்று ஒரு கட்சி. “அந்தப் பிஸ்கட் அண்ணாச்சி யாரு?” என்று மற்ற கட்சி.

டிசம்பர் 28, சனி

மாட்டிக்கொண்டோம்.

மஸ்கட்டிலிருந்து போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“கோமதி, அங்க என்னம்மா நடக்கு? மெஷின் குரலு வியாழக்கெழம நாறிப் போச்சு. மச்சினன்ட்டக் கேட்டா, தேன்மொழி மேடமே போன்ல சொன்னாவ, ஸ்பெஷல் எஃபெக்ட் போட்டேங்கான். மெஷின் எப்படிம்மா போன் பண்ணும்? பென்டிரைவ ஒரு பிள்ள கொண்டாந்துச்சுங்கான். ஒம்பொண்ணு வேலையா இது?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் பல்லியைப் பார்த்தேன்.

“இது சரிப்படாது. ஓட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒண்ணாந்தேதி மெஷினப் போட்டுருதேன். வச்சிரட்டா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து வரப்போகிற வாக்கியம் எனக்குத் தெரியும்.

“இல்லிங்க அண்ணாச்சி.”

கண்ணைத் திறந்தேன். பல்லிகூடத் திரும்பிப் பார்த்தது.

“பிள்ள செஞ்சது தப்பு. அத நான் கண்டிச்சுக்கிடுதேன். ஆனா அண்ணாச்சி, ஒரு வருசமா நான் பேசிருக்கேன். வழியில என்னமோ ஆயி, எங்குரலு எங்குரலாப் போவல. நாளைக்கு ஸ்டுடியோவுக்கே போயி, லைவ்ல பேசுதேன். ஒரே ஒரு நாளு. அதக் கேட்டுட்டு, வேண்டாம்னு சொன்னியன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

“வழியில என்ன ஆச்சு?”

அம்மாவும் பல்லியைப் பார்த்தாள். “மைக்கு சரியில்ல அண்ணாச்சி.”

“சரி, நாளைக்குப் பேசு, பாக்கேன்” என்றார் அண்ணாச்சி. சுடலைமணி பிழைத்தார்.

போனை வைத்ததும் என் காதைப் பிடித்தாள். “அது எப்படிட்டி பேசுன? பேசிக் காட்டு.”

“வணக்கம். நான். தேன்மொழி.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆனால் காதை விடவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டு. “வானொலியில சேல தெரியாதும்மா” என்றேன். “எனக்குத் தெரியும்லா” என்றாள்.

அப்பாவும் நஸ்ரினும்கூட ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். சுடலைமணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “வாங்க மேடம்... ஏ, நீயா! கோமதியக்கா மவளா நீ! பாதாம் பால் குடிச்சிட்டுப் போனியே!” அம்மா அவரிடம், “ஒம் பேர யார்ட்டயும் சொல்லலப்பா” என்றாள். அவர் டம்ளரை மேஜையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி அனுப்பிய நிஜ மைக் ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. வேலை செய்யாதாம். நஸ்ரின் எடுத்துப் பார்த்தாள். அதன் கழுத்தில் ஒரு ஸ்விட்ச். வாங்கின நாளிலிருந்து அதை யாருமே தள்ளவில்லை. தள்ளினாள். லேப்டாப்பில் பச்சைக் கோடு துள்ளியது. “எனக்கு இதக் காட்டவே இல்லியே” என்றார் சுடலைமணி, ஸ்விட்சைக் குற்றம் சாட்டுகிற மாதிரி.

அடுத்த தொல்லை ரோடு. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் போகிறது, ஒவ்வொன்றும் ஹாரன். அப்பா எட்டிப் பார்த்தார். படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ரோட்டு நடுவில் நின்றார். ஊரில் பஸ் ஓட்டுகிற பாதிப் பேருக்கு இவர்தான் பிரேக் பார்க்கிறவர். ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஒரு கை நீட்டி மெதுவா என்றார், மறுகையின் விரலை உதட்டில் வைத்தார். டிரைவர்கள் புரியாமலே தலையாட்டிவிட்டு, பூனை மாதிரி வண்டியை நகர்த்திக்கொண்டு போனார்கள்.

சுடலைமணி அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார். திரையின் மூலையில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஓர் எண் இருந்தது. இருநூற்றுப் பத்து. மூன்று, இரண்டு, ஒன்று என்று சுடலைமணி விரலை மடக்கினார். லைவ்.

“வணக்கம், நான் உங்கள்...”

அம்மா நின்றுவிட்டாள்.

ஹெட்ஃபோனில் கை வைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் ‘பேசு பேசு’ என்று கையை ஆட்டினேன். சுடலைமணி ‘பாட்டுப் போடவா’ என்று சைகை செய்தார். அவருடைய போன் அதிர்ந்தது, மஸ்கட். குழுவில் “கேக்கல”, “லைன் கட்டா?”, “அக்கா?” என்று வரிசையாக விழுந்தது. வானொலியில் மௌனம் என்பது எத்தனை பெரிய சத்தம் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

பிறகு அம்மா சொன்னாள்:

“நான் இங்கதான் இருக்கேன். பேசும்போதே எங்குரல நானே இப்பத்தான் மொதத்தடவ கேக்கேன். அதான். ஒரு நிமிசம் பொறுங்க, என்ன?”

ஒரு மூச்சு இழுத்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கேயும் மடங்கவில்லை, எதிலும் முட்டவில்லை, நேரே போயிற்று.

“கோமதி. நான் உங்கள் கோமதி. வண்டி ஓட்டுதவிய மொதல்ல ஒரு மடக்குத் தண்ணி குடிங்க. பெறவு பேசுவோம்.”

நான் திரையின் மூலையைப் பார்த்தேன். அத்தனை மௌனத்திலும் ஒருத்தர்கூடப் போகவில்லை. இருநூற்றுப் பதினாலு.

டிசம்பர் 30, திங்கள்

அண்ணாச்சியின் தீர்ப்பு குரல் செய்தியாக வந்தது. கடையில் நின்று பேசியிருக்கிறார் போல. பின்னால் மிக்ஸர் பாக்கெட் சரசரப்பு, யாரோ அரபியில் விலை கேட்கிறார்கள்.

“கோமதி, மெஷின்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒண்ணாந்தேதி நீதான் பேசுத. ஸ்டுடியோவுலயே வந்து பேசு. நல்லா இருந்துச்சும்மா.”

அம்மா கேட்டாள். போனை மேஜையில் வைத்தாள். மறுபடி எடுத்து, பொத்தானை அழுத்தி, பதில் அனுப்பினாள்:

“அண்ணாச்சி, நீங்க பேசுனது தெளிவா இல்ல. இரைச்சலா இருக்கு. ஒருக்கத் திரும்பச் சொல்லுங்க.”

அவர் கடைக்கு வெளியே வந்து, முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னார். அம்மா அதையும் கடைசிவரை கேட்டாள்.

“இப்பமும் கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

எனக்கு முதல் தடவையே தெளிவாகத்தான் கேட்டது. அம்மாவுக்கும்.